கல்லைக் காணோம்

கல் எங்கே இருக்கிறது என்று பக்கீசியோ மெலிஸுக்குத் திங்கட்கிழமை சாயங்காலம் வரை நன்றாகத் தெரிந்திருந்தது. செவ்வாய்க்கிழமை காலை காபி ஆறுவதற்குள் சிக்கல் ஆரம்பித்துவிட்டது.

கல் என்றால் தெருவில் காலில் இடறும் கல் இல்லை. இருநூறு மீட்டர் நீளம். சூரியனைச் சுற்றிக்கொண்டிருக்கும் அது வியாழக்கிழமை பிற்பகல் பூமியின் பக்கமாக வந்து போக இருந்தது. பக்கம் என்றால் முப்பது லட்சம் கிலோமீட்டர். பக்கீசியோவின் துறையில் அதற்கு உரசல் என்று பெயர். மறுபடி இவ்வளவு பக்கத்தில் வர அறுபத்தோரு வருடம் ஆகும்.

சார்தீனியத் தீவின் நடுவே, மலைமேல் இருந்த ஆய்வகத்தில் பக்கீசியோ ஒருங்கிணைப்பாளர். அந்தப் பிரிவில் மொத்தமே ஒரு ஆள்தான் என்பதால், அவர் ஒருங்கிணைக்க வேண்டியவர்கள் எல்லாரும் வெளியூர்களில் இருந்தார்கள். தொலைநோக்கி வைத்திருப்பவர்கள் கல்லைப் பார்த்து இடம் சொல்ல வேண்டும். போர்ச்சுகலில் உள்ள ரேடார் நிலையம் அந்த இடத்தை நோக்கி அலையை அனுப்ப வேண்டும். அலை கல்லில் பட்டுத் திரும்பி வரும்போது சார்தீனியாவின் பெரிய தட்டு வடிவ ஆண்டெனா அதைக் கேட்க வேண்டும். ரேடாருக்கு இரவும் பகலும், மேகமும் வெயிலும் ஒன்றுதான். ஆனால் அதன் பார்வை குறுகல். கையை நீட்டிப் பிடித்தால் ஒரு சட்டைப் பொத்தானின் துளை அளவுக்குத்தான் அதற்கு வானம் தெரியும். கல் அந்தத் துளைக்குள் இல்லையென்றால் ரேடாருக்கு ஒதுக்கிய நாற்பது நிமிடமும் சும்மா ஆகாயத்தைச் சூடேற்றியதாகத்தான் அர்த்தம்.

இதற்கு முன் இரண்டு தடவை எதிரொலி கிடைக்காமலே போனது. முதல் தடவை வடமேற்குக் காற்று பேயாக அடித்ததால் தட்டைக் கட்டிப்போட வேண்டியிருந்தது. இரண்டாம் தடவை போர்ச்சுகலில் மின்சாரம் போய்விட்டது. இரண்டிலும் பக்கீசியோவின் தவறு எள்ளளவும் இல்லை. ஆனால் கோப்பில் இரண்டுக்கும் எதிரே ‘எதிரொலி இல்லை’ என்று மட்டும் எழுதியிருந்தது.

“மூணாவது தடவையும் இதேதான்னா பிரிவை மூடிடுவாங்க பக்கீசியோ. உங்களைப் பள்ளிக்கூடப் பசங்களுக்குச் சுத்திக் காட்ற வேலைக்குப் போட்டுடுவாங்க. நான் ஒண்ணும் பண்ண முடியாது” என்று இயக்குநர் ஓர்னெல்லா சொல்லியிருந்தார்.

போன வருடம் ஒருநாள் பக்கீசியோ அந்த வேலையைப் பார்த்திருக்கிறார். ஒரு பெண் குழந்தை, “இந்தத் தட்டுல எத்தனை லிட்டர் சூப் பிடிக்கும்?” என்று கேட்டாள். அவர் கணக்குப் போட்டுச் சொன்னார். பிறகு சரிதானா என்று இன்னொரு முறை போட்டுப் பார்த்தார். அதற்குள் குழந்தைகளின் பஸ் போய்விட்டது. அந்த மனிதரின் சுபாவமே அதுதான். காரைப் பூட்டிவிட்டுப் பத்தடி நடந்து, திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பார். வீட்டுக்குள் போனதும் ஜன்னல் வழியாக இன்னொரு தடவை எட்டிப் பார்ப்பார்.

செவ்வாய்க்கிழமை காலையில் போர்ச்சுகலிலிருந்து ஃபௌஸ்தினா கூப்பிட்டார். ரேடாரை இயக்குகிறவர் அவர்தான்.

“உங்க திங்கட்கிழமைத் தாள் வந்துடுச்சு. இதான் இடமா? உறுதியா?”

“தொண்ணூத்தொன்பது சதவீதம் உறுதி.”

“மிச்சம் ஒரு சதவீதம் எங்க போச்சு?”

“ஒரு நிம்மதிக்கு இன்னொரு அளவு வாங்கிச் சேர்த்துடறேன். புதுசா இருந்தா நல்லதுதானே.”

“சேர்த்துக்கங்க. ஆனா வியாழக்கிழமை மூணு பத்துலேர்ந்து மூணு அம்பது வரைக்கும்தான் விமானங்களை விலக்கி வழி விடறாங்க. அப்புறம் கெஞ்சினாலும் ஒரு நிமிஷம் கிடைக்காது.”

பக்கீசியோ உடனே பல்கேரியாவில் மலைமேல் தொலைநோக்கி வைத்திருந்த ஸ்த்ராவ்கோவைப் பிடித்தார். அன்றிரவே ஸ்த்ராவ்கோ கல்லைப் பார்த்து நான்கு அளவு எடுத்து அனுப்பினார். “அருமையாத் தெரிஞ்சுது அண்ணே. கண்ணாடி மாதிரி வானம்” என்று குறிப்பும் எழுதியிருந்தார்.

புதன்கிழமை காலை ஏழு மணிக்குப் பக்கீசியோ அந்த நான்கையும் கணக்கில் சேர்த்தார். புது அளவுக்கு மதிப்பு அதிகம் கொடுக்க வேண்டும் என்பது அவருடைய கொள்கை. கல் சடாரென்று நகர்ந்து பொத்தான் துளைக்கு வெளியே போய் நின்றது.

“என்னங்க இது, ராத்திரியோட ராத்திரியா இடம் மாறிடுச்சு?” என்றார் ஃபௌஸ்தினா.

“அதைத்தான் நானும் பாத்துக்கிட்டிருக்கேன்.”

“எது சரி? நேத்திக்கா, இன்னிக்கா?”

“இன்னொரு அளவு வாங்கினா தெரிஞ்சிடும்.”

சிசிலியில் ஒரு தொலைநோக்கிப் பெண்மணி விடியும்வரை விழித்திருப்பவர். பக்கீசியோ புது இடத்தை அவருக்கு அனுப்பினார். அரை மணியில் பதில் வந்தது. “விடியறதுக்கு முன்னாடி வேற எதுக்கோ எடுத்த படத்தோட ஓரத்துல அந்த இடம் விழுந்திருக்கு. அங்க கல்லும் இல்ல, மண்ணும் இல்ல.”

ஆக, பழைய இடத்தில் இல்லை என்று பல்கேரியா சொன்னது. புது இடத்தில் இல்லை என்று சிசிலி சொன்னது. இயக்குநர் ஓர்னெல்லா கதவைத் திறந்து தலையை நீட்டினார்.

“எல்லாம் ஒழுங்காப் போகுதா?”

“போகுது மேடம். கல்லு மட்டும் எங்க போகுதுன்னு பாக்கணும்.”

ஓர்னெல்லா கதவைச் சாத்தாமலே உள்ளே வந்து உட்கார்ந்தார். அது நல்ல அறிகுறி இல்லை.

“ஃபௌஸ்தினாகிட்டச் சொல்லி ரேடாரையே தேடச் சொல்லலாமே?” என்றார்.

பக்கீசியோ ஃபௌஸ்தினாவைக் கேட்டார். “தொலைநோக்கிக்காரங்க இடம் சொன்னா நான் கண்டுபிடிச்சுத் தரேன்” என்றார் ஃபௌஸ்தினா. சிசிலிப் பெண்மணியைக் கேட்டார். “ரேடார்ல இடம் சொன்னாங்கன்னா நான் கண்டுபிடிச்சுத் தரேன்” என்றார் அவர். இருவருமே மிகுந்த அக்கறையோடுதான் சொன்னார்கள். இருவருக்கும் நன்றி சொல்லி பக்கீசியோ போனை வைத்தார்.

அப்போதுதான் அவருக்கு அந்த யோசனை தோன்றியது. வீட்டு மாடியிலும் தோட்டத்திலும் சொந்தத் தொலைநோக்கி வைத்துக்கொண்டு பொழுதுபோக்காக வானம் பார்க்கிறவர்கள் ஐரோப்பாவெங்கும் நாற்பது பேர் அவருடைய பட்டியலில் இருந்தார்கள். முந்தின இரவு யார் எதைப் பார்த்திருந்தாலும் உடனே அனுப்பும்படி நாற்பது பேருக்கும் மின்னஞ்சல் போட்டார். உருக்கமாகவே போட்டார்.

மத்தியானத்துக்குள் பதினொரு பதில் வந்தது. பதினொன்றும் வேறு வேறு இடம். இரண்டு பேர் வேறு கல்லைப் பார்த்திருந்தார்கள். ஒருவர் செயற்கைக்கோளைப் பார்த்திருந்தார். பதில் போட்டவர்களின் மனம் புண்படக்கூடாது என்று பக்கீசியோ எல்லாவற்றையும் கணக்கில் சேர்த்தார். கணக்கு முடிந்ததும் கல் மூன்று இடங்களில் இருந்தது. அதில் மூன்றாவது இடத்தில் இருக்கும் கல் 2068ஆம் ஆண்டு மார்ச் மாதம் பூமியில் வந்து இடித்தது.

நன்றியோடு கணக்கின் முடிவையும் அவர் அனுப்பிவைத்த நாற்பது பேரில் ஒருவருடைய மைத்துனர் பத்திரிகையில் இருந்தார். ஒரு மணி நேரத்தில் பக்கீசியோவின் மனைவி அசுந்தா கூப்பிட்டாள்.

“என்னங்க, கல்லு வந்து இடிக்கப் போகுதாமே? அம்மா கேக்கறாங்க.”

“இடிக்காது.”

“உறுதியா?”

பக்கீசியோ கணக்கை இன்னொரு தடவை பார்த்தார்.

“இடிக்கும்னா கூட ரெண்டாயிரத்து அறுபத்தெட்டுலதான். உங்க அம்மாவுக்கு இப்பவே எண்பத்திரண்டு வயசு.”

“ஏன், எங்க அம்மா அதுவரைக்கும் இருக்கக் கூடாதா?”

அந்த உரையாடல் அதற்குப் பிறகு கல்லைப் பற்றியதாக இல்லை.

சாப்பாட்டு அறையில் பொனாரியா அவருடைய தட்டில் உருளைக்கிழங்கும் புதினாவும் வைத்து மடித்த கொழுக்கட்டைகளை அடுக்கினாள். ஆய்வகத்தின் சமையல்காரி அவள். நாற்பது கிலோமீட்டர் தள்ளி, மலையின் மறுபக்கத்து ஊரிலிருந்து தினமும் காரில் வருவாள்.

“முகம் செத்துப் போயிருக்கே. சாப்பிடுங்க. உங்க கல்லு எங்கயும் ஓடிடாது” என்றாள்.

“ஓடிடுச்சு பொனாரியா.”

“எங்க வீட்டுக் கதையைக் கேட்டா உங்க கவலையே மறந்துடும். துவைச்ச துணியெல்லாம் ஈரம் காயாம நாத்தமடிக்குது. மச்சானுக்குக் கல்யாணம் வேற வருது, போட்டுக்க ஒரு சட்டை கிடையாது…”

பக்கீசியோவின் காதில் அது எதுவும் ஏறவில்லை. அவளைப் பார்த்ததும் அவருக்கு அந்தியோக்கோ ஞாபகம் வந்துவிட்டார்.

அந்தியோக்கோ பொனாரியாவின் தாய்மாமன், அவளோடு அதே வீட்டில் இருப்பவர். முப்பத்தெட்டு வருடம் ஊராட்சி அலுவலகத்தில் பிறப்பு இறப்புப் பதிவேடு எழுதி ஓய்வு பெற்றவர். அவர் காலத்தில் அந்த ஊரில் காலிக் கட்டம் இருக்கிற விண்ணப்பம் எதுவும் அலுவலகத்தை விட்டு வெளியே போனதில்லை என்று சொல்வார்கள். வீட்டுக்குப் பின்னால் ஆட்டுப்பட்டியை ஒட்டி, திறந்து மூடும் கூரையோடு ஒரு கொட்டகை கட்டி, நல்ல தொலைநோக்கி ஒன்றை வைத்திருந்தார். கம்ப்யூட்டரை அவர் நம்புவதில்லை. அதனால் ஒவ்வொரு திங்கட்கிழமையும் பக்கீசியோ கல் எந்த நேரத்தில் எங்கே இருக்கும் என்று அச்சடித்த தாளைப் பொனாரியாவிடம் கொடுத்தனுப்புவார். தாளின் அடிப்பாகத்தில் ஆறு கட்டங்கள் காலியாக இருக்கும். அவர் கல்லைப் பார்த்து, அளந்து, அந்த ஆறையும் நிரப்பி, அடிப்பாகத்தை மட்டும் கிழித்துத் திருப்பி அனுப்ப வேண்டும். இந்த வாரத் தாளும் அப்படித்தான் போயிருந்தது. அதற்குப் பிறகு கல் பட்ட பாட்டை அவருக்குச் சொல்ல யாருக்கும் நேரம் இல்லை.

“பொனாரியா, மாமா அந்தத் தாளை நிரப்பிட்டாரா?”

“இல்ல. மேஜைமேலயே கிடக்கு. எங்க ஊர்லதான்…”

“நான் சொல்றதைக் கேளுங்க. எப்படியாவது அந்த ஆறு கட்டத்தையும் நிரப்பிக் காலையில குடுத்தனுப்பச் சொல்லுங்க. என் வேலையே அதுலதான் இருக்கு.”

“சொல்றேன். ஆனா அங்க…”

“ஆனா கீனா எல்லாம் வேணாம் பொனாரியா. ஆறு கட்டம். அவ்வளவுதான்.”

பொனாரியா அவருடைய முகத்தைப் பார்த்தாள். பேச்சை நிறுத்திவிட்டு, இன்னும் இரண்டு கொழுக்கட்டைகளை எடுத்து வைத்தாள்.

வியாழக்கிழமை காலை எட்டரைக்குத் தாள் வந்தது. பதிவேட்டுக் கையெழுத்து, கறுப்பு மையில் முத்து முத்தாக ஆறு வரி. எட்டு மணி, எட்டேகால், எட்டரை என்று நேரமெல்லாம் சீராக இருந்தது. அடித்தல் திருத்தல் எதுவுமில்லை. கீழே கையெழுத்துப் போட்டு, தேதி போட்டு, ஊராட்சியின் பழைய முத்திரையையும் குத்தியிருந்தார்.

பக்கீசியோ ஆறு எண்களையும் உள்ளே போட்டார். ஒன்றுக்கொன்று ஒரு மயிரிழைகூட விலகாமல் ஆறும் ஒரே கோட்டில் நின்றன. தொழில்முறைத் தொலைநோக்கிகளில்கூட அவர் அப்படிப் பார்த்ததில்லை. அந்த ஆறைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு மற்றதையெல்லாம் சோதித்தபோது, பதினொரு பேரின் கற்களும் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. 2068ஆம் ஆண்டு ஆபத்தும் போயிற்று. கடைசியில் பல்கேரியா மட்டும் முறைத்துக்கொண்டு நின்றது.

“தம்பி, உங்க கடிகாரத்தைக் கொஞ்சம் பாருங்க” என்று ஸ்த்ராவ்கோவுக்குப் போன் போட்டார்.

ஐந்து நிமிடம் கழித்து ஸ்த்ராவ்கோ திரும்பப் போனில் வந்தார்.

“அண்ணே, ஏழு நிமிஷம் பின்னாடி ஓடுது. போன மாசம் இடி விழுந்ததுலேர்ந்து இப்படித்தான் போல. யார்கிட்டயும் சொல்லிடாதீங்க.”

எல்லாம் கழிந்தபின் கல் ஊரெல்லாம் சுற்றிவிட்டு வந்த மாதிரி, திங்கட்கிழமை இருந்த இடத்திலேயே வந்து நின்றது. அந்தியோக்கோ மட்டும் இல்லாவிட்டால் அது தெரிந்தே இருக்காது என்று பக்கீசியோ நினைத்துக்கொண்டார்.

“யாரு இந்த ஆளு? மனுஷனா, தெய்வமா?” என்றார் ஃபௌஸ்தினா, எண்களைப் பார்த்துவிட்டு.

“ஓய்வு பெற்ற எழுத்தர்.”

“எங்ககிட்டயும் எழுத்தர்ங்க இருக்காங்க. அவங்களுக்குக் காபி மெஷின் எங்க இருக்குன்னே தெரியாது.”

இரண்டரை மணிக்குக் காற்று எழுந்தது. அறுபது கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டால் தட்டைக் கட்டிப்போட வேண்டும் என்பது விதி. மூன்று மணிக்கு ஐம்பத்தொன்று. மூன்று பத்துக்கு ஐம்பத்தேழு. போர்ச்சுகலிலிருந்து அலை கிளம்பியது. போய்த் திரும்ப இருபது விநாடி. பக்கீசியோ திரையைப் பார்க்க முடியாமல் காற்றுமானியைப் பார்த்தார். காற்றுமானியைப் பார்க்க முடியாமல் ஓர்னெல்லாவைப் பார்த்தார். ஓர்னெல்லா கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

இருபத்தோராவது விநாடியில் திரையின் நட்டநடுவே ஒரு கோடு எழுந்து நின்றது. துளைக்குள் வந்தது மட்டுமில்லை, துளையின் மையத்திலேயே வந்து உட்கார்ந்திருந்தது.

“கேக்குதா?” என்று போனில் கத்தினார் ஃபௌஸ்தினா.

“கேக்குது” என்றார் பக்கீசியோ. நாற்பத்து நான்கு வயது மனிதர், மூக்கை உறிஞ்சிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். பள்ளிக்கூடப் பிள்ளைகளும் சூப்பும் அவர் கண்ணெதிரிலிருந்து மெல்ல விலகிப்போனார்கள்.

கோப்பில் அன்று புது வார்த்தை ஏறியது. பிரிவை மூடும் பேச்சு நின்றது. இரண்டாவதாக ஒரு ஆள்கூடப் போடலாம் என்று ஓர்னெல்லா தாராளமாகச் சொன்னார்.

“அது யாரா இருந்தாலும் சரி, முதல்ல அந்தப் பெரியவருக்கு மரியாதை செய்யணும். ஐரோப்பாவுல இவ்வளவு சுத்தமா அளக்கறவர் ரெண்டாவது ஆள் கிடையாது. ஞாயித்துக்கிழமை நாமளே நேர்ல போறோம். பத்திரிகைக்காரங்களும் வரட்டும்.”

ஞாயிற்றுக்கிழமை மலையின் மறுபக்கம் இறங்கியதும் மூடுபனி காரைக் கவ்வியது. முன்விளக்கைப் போட்டும் சாலையோரத்து ஆடுகள் முட்டுகிற தூரத்தில்தான் தெரிந்தன.

“இந்த ஊர்ல இருந்துகிட்டு அவர் இப்படி அளந்திருக்காரே, அதைச் சொல்லுங்க” என்றார் ஓர்னெல்லா.

“திறமைதான் மேடம்” என்றார் பக்கீசியோ.

அந்தியோக்கோ கறுப்பு வெல்வெட் கோட்டு போட்டு வாசலில் காத்திருந்தார். பித்தளைப் பட்டயத்தை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, அதில் எழுத்துப்பிழை இருக்கிறதா என்று படித்துப் பார்த்தார். புது ஒயின் வந்தது, ஆட்டுப்பாலாடைக்கட்டி வந்தது. தொலைநோக்கியோடு ஒரு படம் வேண்டும் என்று பத்திரிகைக்காரர் கேட்டார். இன்னும் ஒரு கோப்பை ஒயின் வந்தது. மறுபடி கேட்டார். இன்னொரு கோப்பை வந்தது. மூன்றாவது தடவை கேட்டபோது, ஓர்னெல்லா தானே எழுந்து போய்க் கொட்டகையின் கதவைத் திறந்தார்.

கூரை இறுக மூடியிருந்தது. தொலைநோக்கியின் குழாய்மேல் வரிசையாக ஆறு சட்டைகள் காய்ந்துகொண்டிருந்தன. அடியில் ஒரு மின்சார அடுப்பு சிவப்பாக எரிந்தது.

“அய்யோ, மேடம்!” என்று பொனாரியா ஓடிவந்து ஒரு பனியனைப் பிடுங்கினாள்.

ஓர்னெல்லா சிரித்தார். “பாருங்க, எவ்வளவு எளிமையான மனுஷன்! படத்தைக் கோயில் முன்னாடி வச்சுக்கலாம்” என்று பத்திரிகைக்காரரை வெளியே இழுத்துக்கொண்டு போனார்.

பக்கீசியோ நகரவில்லை. அவர் ஒரு சட்டையைத் தொட்டுப் பார்த்தார். மொடமொடவென்று காய்ந்திருந்தது. சரிதானா என்று இன்னொரு தடவையும் தொட்டுப் பார்த்தார்.

“பொனாரியா, இங்க எப்பலேர்ந்து துணி காயப் போடறீங்க?”

“அதைத்தானே புதன்கிழமை சொல்ல வந்தேன். கேட்டீங்களா? பனி இறங்கிப் பன்னெண்டு நாளாச்சு. ஒரு நட்சத்திரம் தெரியல எங்க ஊர்ல.”

பக்கீசியோ மெதுவாகத் திரும்பினார். பட்டயத்தை மார்போடு அணைத்தபடி அந்தியோக்கோ வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார்.

“மாமா… அந்த ஆறு கட்டம்?”

“காலியா விட்டா உன் வேலை போயிடும்னு பொனாரியா சொன்னா. மேல்பாதியில அச்சடிச்சிருந்ததை அப்படியே பாத்து எழுதிட்டேன்” என்றார் அந்தியோக்கோ. “நீயே போட்ட கணக்குதானே தம்பி, அதுல உனக்கே நம்பிக்கை இருக்காதுன்னு நான் என்னத்தைக் கண்டேன்?”